ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகுதா? ஒன்றை மட்டும் மாற்றி ஏமாறாதீங்க!

மே மாத மதியம், சி.டி.எச். ரோட்டில் அம்பத்தூர் எஸ்டேட் சிக்னல். வரிசையில் ஒரு பழைய சொகுசு கார் பானட்டிலிருந்து புகை விட்டுக்கொண்டு ஓரம் கட்டி நிற்கும். இந்தக் காட்சியைப் பார்க்காத மேற்குச் சென்னைவாசி யாராவது இருக்கீங்களா? "எஞ்சின் போச்சுப்பா" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கடந்து போவோம். ஆனால் பெரும்பாலும் முதலில் போனது எஞ்சின் இல்லை, ஒரு ரப்பர் குழாய். அது போன பிறகும் வண்டியை ஓட்டினால்தான் எஞ்சின் போகும்.

அந்த ரப்பர் குழாயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்மில் பலர் வீட்டில் அப்பாவோ மாமாவோ ஆசைப்பட்டு வாங்கிய ஒரு பழைய பெரிய கார் நிற்கிறது. மெக்கானிக்கல் படிக்கிறவர் என்பதால் "நீ கொஞ்சம் பாரேன்" என்று உங்களிடம்தான் கேட்பார்கள். அப்போது என்ன பார்ப்பது, எதை மாற்றச் சொல்வது?

நம்ம ஊர் சொகுசு கார்கள்

சென்னைக்கும் சொகுசு காருக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததில்லை. 1985-ல் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் நிறுவனம், ரோவர் எஸ்.டி.1 காரின் உடலில் 'ஸ்டாண்டர்ட் 2000' காரை இறக்கியது. 1998-ல் ஆவடி தாண்டித் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வந்தது. 2007-ல் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ தன் ஆலையைத் திறந்தது.

அந்த லான்சர்களும் முதல் தலைமுறைச் சென்னை பி.எம்.டபிள்யூக்களும் இன்று மூன்றாவது, நான்காவது ஓனர் கையில் இருக்கின்றன. டி.என். 12, டி.என். 13 நம்பர் பிளேட்டோடு பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் இன்னும் ஓடுகின்றன. புது ஹேட்ச்பேக் விலையில் பாதிகூட வராது என்பதால் வாங்கிவிடுகிறோம். ஆனால் காரின் விலைதான் குறைந்திருக்கிறது, ரப்பரின் வயது குறையவில்லை.

ஹோஸுக்குள் என்ன நடக்கிறது?

கூலிங் சிஸ்டம் என்பது தண்ணீர் சுற்றும் குழாய் மட்டும் அல்ல. அது ஒரு பிரஷர் வெசல். ரேடியேட்டர் மூடியில் இருக்கும் ஸ்பிரிங், பல கார்களில் சுமார் 1 பார் வரை அழுத்தத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. பி.எம்.டபிள்யூ மூடி சிலவற்றில் '140' என்று எழுதியிருக்கும். அது 140 கிலோபாஸ்கல், அதாவது 1.4 பார். இந்த மூடி சாதாரணப் பொருள் இல்லை. பாடியில் தொடங்கிய சுந்தரம் பாஸனர்ஸ் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கியது.

அழுத்தம் எதுக்கு? தெர்மோடைனமிக்ஸில் படித்ததுதான். அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 1 பார் கூடுதல் அழுத்தத்தில் கொதிநிலை கிட்டத்தட்ட 129 டிகிரிக்குப் போய்விடும். சிக்னலில் ஏ.சி. போட்டு நிற்கும்போது நம் எஞ்சினைக் காப்பாற்றுவது இந்த 22 டிகிரி இடைவெளிதான்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. மேல் ஹோஸின் உள்விட்டம் 32 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 பார் அழுத்தத்தில் அந்த ஹோஸை அதன் கழுத்திலிருந்து கழற்றித் தள்ளும் விசை சுமார் 80 நியூட்டன். எட்டு கிலோ அரிசிப் பையை ஹோஸில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. ஒவ்வொரு முறை வண்டி சூடாகும்போதும் அந்தப் பை தொங்குகிறது, ஆறியதும் இறங்குகிறது. இதைப் பதினைந்து வருஷம் தாங்குவது ஒரு ரப்பரும் ஒரு கிளாம்பும்.

இன்னொரு கணக்கு, இது பயமுறுத்துவதற்கு. 115 டிகிரியில் இருக்கும் 6 கிலோ கூலன்ட், ஹோஸ் வெடித்தோ மூடியைத் திறந்தோ ஒரே நொடியில் அழுத்தத்தை இழந்தால், 107 டிகிரிக்கு மேலே இருந்த வெப்பம் முழுவதும் நீராவியாக மாறும். கணக்குப் போட்டால் சுமார் 75 கிராம் ஆவி வரும். கேட்க கம்மியாக இருக்கும். ஆனால் அதன் கன அளவு 100 லிட்டருக்கு மேல். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தவர்கள் முகத்தில் அடிப்பது இதுதான். வண்டி நின்று இரண்டு மூன்று மணி நேரம் ஆகாமல் மூடியில் கை வைக்கவே கூடாது.

ரப்பர் உள்ளிருந்துதான் சாகும்

இன்றைய ஹோஸ்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில், நடுவில் நூல் பின்னலோடு செய்யப்படுகின்றன. வெப்பத்தையும் கிளைக்காலையும் இது நன்றாகத் தாங்கும். ஆனால் இதற்கு மூன்று எதிரிகள் உண்டு.

முதல் எதிரி வெப்பம். வேதிவினை வேகம் பற்றிய பொதுவான கணக்குப்படி, ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ரப்பரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். பானட்டுக்குள் வெப்பம் அதிகம் தேங்கும் டிராஃபிக் வண்டிக்கு இது நேராகப் பொருந்தும்.

இரண்டாவது எதிரி எண்ணெய். ஈ.பி.டி.எம். கூலன்டைத் தாங்குமே தவிர பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது, ஊறி உப்பிவிடும். வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து ஹோஸ் மேல் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தால், புது ஹோஸ் போட்டாலும் நிற்காது. முதலில் ஆயில் லீக்கை நிறுத்துங்கள்.

மூன்றாவது எதிரிதான் பலருக்குத் தெரியாதது: மின்வேதியியல் அரிப்பு. எஞ்சின் உலோகம், கூலன்ட், கார்பன் கலந்த ரப்பர் மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி செல் உருவாகிவிடும். அதனால் ஹோஸின் உட்புறத்தில், குறிப்பாக இரு முனைகளுக்கு அருகில், நீளவாக்கில் நுண்ணிய விரிசல்கள் வரும். கூலன்ட் அந்த விரிசல் வழியே புகுந்து நூல் பின்னலை நைந்துபோகச் செய்யும். வெளியே ஹோஸ் கறுப்பாக, பளபளப்பாக, புதுசு மாதிரியே இருக்கும். ஒரு நாள் திடீரென்று கிழியும்.

அதனால் ஹோஸைக் கண்ணால் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, கிளாம்புக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு நடுப்பகுதியை அழுத்துங்கள். முனை மட்டும் மெத்தென்று அமுங்கினாலோ, உள்ளே கோடு கோடாகத் தட்டுப்பட்டாலோ அந்த ஹோஸ் முடிந்தது.

அறிகுறிகள்

இனிப்பான வாசனை, ஹோஸ் முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்த உப்பு, முன் சீட்டுக் கார்ப்பெட்டில் ஈரம் (ஹீட்டர் கோர் அல்லது அதன் ஹோஸ் ஒழுகுகிறது), வாரத்துக்கு ஒருமுறை டாங்கில் ஊற்ற வேண்டிய நிலை. இதில் ஒன்று இருந்தாலும் பாருங்கள்.

டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பாதீங்க. கூலன்ட் நிறைய வெளியேறிவிட்டால் சென்சார் திரவத்தில் இல்லாமல் காற்றில் நிற்கும். அப்போது முள் ஏறாமல் இறங்கக்கூடச் செய்யும். "மீட்டர் நார்மலாத்தானே இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே எஞ்சினைக் கருக்கியவர்கள் நிறைய பேர். லான்சர் பெட்ரோல் எஞ்சினில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. வெப்பத்தில் அலுமினியம் விரிவது இரும்பைப் போல இரண்டு மடங்கு. ஹெட் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வளைந்தாலே ஹெட் கேஸ்கெட் பிடிக்காது. அந்தச் செலவு பழைய வண்டியின் மதிப்பையே தொட்டுவிடும். வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போவது இப்படித்தான்.

மூன்று நாட்டு வைத்தியங்கள்

1. மஞ்சள் தூள்: லாரி ஓட்டுநர்கள் ரேடியேட்டரில் போடும் பழைய வித்தை. ரேடியேட்டரில் ஊசி ஓட்டை இருந்தால் அடைத்துக்கொண்டு பக்கத்து ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். நைந்த ஹோஸை அது காப்பாற்றாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

2. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது: "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்?" என்பார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் ஆகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானம் கூடும். ஹோஸ் லீக் அப்படியேதான் இருக்கும்.

3. போர் தண்ணி ஊற்றுவது: அம்பத்தூர், ஆவடி போர் தண்ணியில் குளித்தவருக்கு அந்த உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பக்கெட்டில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் எஞ்சினுக்குள்ளும் படியும். குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். நம் ஊரில் தண்ணீர் உறையாது என்பது உண்மைதான். ஆனால் கூலன்டின் வேலை அது மட்டும் இல்லை. கொதிநிலையை ஏற்றுவதும் துரு பிடிக்காமல் தடுப்பதும்தான் இங்கே முக்கியம்.

எதையெல்லாம் மாற்றணும்?

ஒரு ஹோஸ் ஒழுகினால் அதை மட்டும் மாற்றச் சொல்வது வழக்கம். ஆனால் எல்லா ஹோஸும் ஒரே நாளில் ஆலையில் மாட்டியவை. ஒரே வெப்பத்தையும் ஒரே அழுத்தத்தையும் அனுபவித்தவை. பழையதில் ஒன்றைப் புதிதாக்கி லீக்கை அடைத்ததும் சிஸ்டம் மறுபடி முழு அழுத்தத்துக்கு வரும். அடுத்து பலவீனமான ஹோஸ் கிழியும். அதனால் செட்டாக மாற்றுங்கள்: மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், இரண்டு ஹீட்டர் ஹோஸ், பைபாஸ் ஹோஸ், கூடவே கிளாம்புகள், ரேடியேட்டர் மூடி. தெர்மோஸ்டாட்டும் பழசாக இருந்தால் அதையும் இதே வேலையில் முடித்துவிடலாம். கூலன்ட் எப்படியும் ஒரு முறை இறக்கித்தானே ஆகணும்?

ஜி.பி. ரோட்டில் தேடினால் பல மாடல்களுக்குக் கிடைக்கும். பழைய ஹோஸைக் கையோடு எடுத்துப்போய் வளைவை ஒப்பிட்டு வாங்குங்கள். நேரான குழாயை மடக்கிப் போட்டால் வளைவில் நசுங்கி ஓட்டம் குறையும். 'எஸ்.ஏ.இ. ஜே20' தரம் அச்சிட்டிருந்தால் நல்லது. புதுப்பேட்டையில் கண்ணாடி வாங்கலாம், கதவு வாங்கலாம். கழற்றிய ஹோஸ் மட்டும் வேண்டாம்.

மாற்றும் முறை

எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடியில் இருக்கும் திருகு வழியாகக் கூலன்டை ஒரு பாத்திரத்தில் இறக்குங்கள். கழற்றும் முன் ஹோஸ் போகும் பாதையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீங்க. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடைந்தால் ரேடியேட்டரே மாற்ற வேண்டி வரும். எப்படியும் தூக்கிப் போடப்போகிற ஹோஸ்தான். கழுத்தில் கீறல் விழாதபடி பிளேடால் நீளவாக்கில் கிழித்து உரித்துவிடுங்கள். கழுத்தில் படிந்த உப்பைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தெடுங்கள். அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் புது ஹோஸும் அங்கே ஒழுகும்.

புது ஹோஸை மாட்டும்போது வழுக்க வேண்டுமென்றால் கூலன்டையே தடவுங்கள். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் வேண்டாம், காரணம் மேலே சொன்னாச்சு. கழுத்தில் ஒரு மேடான வளையம் இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போகணும், கிளாம்ப் அந்த வளையத்துக்குப் பின்னால் உட்காரணும். வளையத்தின் மேலேயே இறுக்கினால் அந்த எட்டு கிலோ விசை ஒரு நாள் ஹோஸைக் கழற்றிவிடும். கம்பெனி கொடுத்த ஸ்பிரிங் கிளாம்ப் ரப்பர் விரிந்து சுருங்கும்போது கூடவே விரிந்து சுருங்கும். திருகு கிளாம்புக்கு அந்தக் குணம் கிடையாது. அதை ரப்பர் பிதுங்கும் வரை முறுக்காமல், சில நாள் ஓட்டிய பிறகு ஆறிய எஞ்சினில் ஒருமுறை சரிபார்க்கணும்.

ஜெர்மன் கார்களில் பல இடங்களில் கிளாம்புக்குப் பதிலாகக் கம்பி கிளிப்பும் ஓ-ரிங்கும் இருக்கும். பழைய பிளாஸ்டிக் இணைப்புகள் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

காற்றை வெளியேற்றாமல் வேலை முடியாது

கூலன்ட் பாட்டிலில் போட்டிருக்கும் வகையைப் பாருங்கள், நிறத்தை நம்பாதீங்க. பச்சை, சிவப்பு, நீலத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. மேனுவலில் சொன்ன வகையை, கலக்க வேண்டியதாக இருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, குமிழ் வருவது நிற்கும் வரை நிரப்பிக்கொண்டே இருங்கள். கீழ் ஹோஸ் சூடாகி ஃபேன் ஒருமுறை ஓடி நின்றால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய 3 சீரிஸ், 5 சீரிஸ் ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார்கள் பலவற்றில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், இக்னிஷன் போட்டு, ஹீட்டரை அதிகபட்சச் சூட்டிலும் காற்றைக் குறைவாகவும் வைத்து, ஆக்ஸிலரேட்டரை 10 விநாடி முழுக்க அழுத்தினால் பம்ப் சுமார் 12 நிமிடம் தானே ஓடிக் காற்றை வெளியேற்றும். உங்கள் மாடலுக்கு இது பொருந்துமா என்று மேனுவலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது அளவைத் திரும்பப் பாருங்கள். வாய்ப்பிருந்தால் ஒர்க்‌ஷாப்பில் கை பம்ப் வைத்து பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மூடியில் எழுதிய அழுத்தம் சில நிமிடங்கள் இறங்காமல் நின்றால் வேலை சுத்தம்.

கடைசியாக ஒன்று. இறக்கிய பழைய கூலன்டைத் தெருவில் கொட்டாதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷமும்கூட. தேங்கி நின்றால் தெரு நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிட்டு சிறுநீரகம் செயலிழந்து சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். மூடிய கேனில் ஊற்றி, "விஷம்" என்று எழுதி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள்.

இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் நிற்கும் காரின் பானட்டைத் திறந்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது, மேல் ஹோஸின் இரண்டு முனைகளையும் அழுத்திப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.