அணு கேள்விக்கு 2 விடை! பழைய புத்தகம் படித்த 4 லட்சம் பேருக்கு 5 மார்க் பறிபோனது

நாமக்கல்:

"அந்த அணு கேள்விக்கு என்னடா போட்டே?"

"ரெண்டுமே சரின்னு போட்டேன்."

"போச்சு! ரெண்டாவது தப்புடா!"

2024-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி. கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள். மாலை 5.20 மணிக்கு "நீட்" தேர்வு முடிந்ததும் நாமக்கல், சேலம் தேர்வு மையங்களின் வாசலிலும், திரும்புகிற பஸ்களிலும் பேச்செல்லாம் இப்படித்தான். விடைத்தாளை உள்ளேயே வாங்கிவிடுவார்கள். கேள்வித்தாள் மட்டும் கையோடு வரும். அதில் போட்ட டிக்கை வைத்துத்தான் ஒத்துப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் கேள்வி நம்பர் வேறு மாறியிருக்கும். தேடிப் பிடிப்பதற்குள் ஸ்டாப்பிங் வந்துவிடும்!

லாரிக்கும் முட்டைக்கும் பேர்போன நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளிகளும் பிரபலம். பிளஸ்-2 மார்க்கை வைத்தே டாக்டர் சீட் கொடுத்த காலத்தில், பிசிக்சில் 200-க்கு 200 எடுத்தால் கட்-ஆப்பில் 50. அதற்காகவே வெளியூர் பெற்றோர் டிரங்குப் பெட்டியுடன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2017-ல் நீட் வந்தது. பள்ளிகளும் நீட் பயிற்சிக்கு மாறிக்கொண்டன.

என்ன கேள்வி?

இரண்டு வாக்கியங்கள் கொடுத்திருந்தார்கள். அணுவில் நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சமம், அதனால் அது மின்நடுநிலை உடையது என்பது முதலாவது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை வெளியிடும் என்பது இரண்டாவது. எது சரி? எது தவறு?

முதலாவதில் தகராறே இல்லை. இரண்டாவதில்தான் வந்தது வில்லங்கம். பழைய என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தில் "ஒவ்வொரு தனிமமும்" என்றே இருந்தது. புதிய பதிப்பில் அதை "பெரும்பாலான தனிமங்கள்" என்று திருத்திவிட்டார்கள். யுரேனியம், ரேடியம் போன்றவற்றின் அணுக்கள் தாமாகவே சிதைகின்றன அல்லவா? அணு மாறவில்லை, புத்தகத்தில் ஒரு வார்த்தை மாறியது. அவ்வளவுதான்.

ஆனால் எல்லாருமா புதுப்புத்தகம் வாங்குகிறார்கள்? அண்ணன் படித்தது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கியது என்று ஓட்டுகிற வீடுகள்தான் அதிகம். இரண்டாவது, மூன்றாவது தடவை எழுதுகிறவர்களிடம் முதல் தடவை வாங்கிய புத்தகமே இருக்கும். அதை வரி விடாமல் நெட்டுருப் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்!

சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு

விடை தவறு என்றால் ஆட்சேபம் சொல்லலாம். ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும். பணம் திரும்பக் கிடைக்காது. கடைசியில் தேசிய தேர்வு முகமை இரண்டு விடைக்குமே 4 மார்க் கொடுத்தது. ஜூன் 4-ந் தேதி ரிசல்ட் வந்தது.

இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். "மைனஸ் மார்க்குக்குப் பயந்து கேள்வியையே தொடாமல் விட்டவர் கதி என்ன?" என்று வாதம் வைக்கப்பட்டது. நியாயமான கேள்விதான். தப்பாக எழுதினால் ஒரு மார்க் குறையும், விட்டால் பூஜ்யம்.

தலைமை நீதிபதியாக இருந்த டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான பெஞ்சு, டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் 3 பேரிடம் கருத்துக் கேட்டது. மறுநாள், ஜூலை 23-ந் தேதி, பதில் வந்தது. "விடை ஒன்றுதான். இரண்டாவது வாக்கியம் தவறு" என்றார்கள். புதுப்புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பதுதான் தேர்வு முகமையின் அறிவுரை என்பதையும் கோர்ட்டு சுட்டிக்காட்டியது.

ரேங்க் தலைகீழ்

அவ்வளவுதான். "ரெண்டும் சரி" என்று எழுதிய 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்த 4 மார்க் போனது. தவறான விடைக்கு மைனஸ் ஒன்று. ஆக 5 மார்க் காலி! ஒரே மார்க்கில் ஏராளமானோர் முண்டியடித்த வருஷம் அது. 5 மார்க் என்பது சீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். 7.5 சதவீத ஒதுக்கீட்டை நம்பியிருந்த அரசுப் பள்ளி பிள்ளைகளும் விரல்விட்டு மறுபடி கணக்குப் போட்டார்கள்.

ஜூலை 26-ந் தேதி திருத்திய பட்டியல் வெளியானது. 720-க்கு 720 வாங்கி முதலிடத்தில் நின்ற 61 பேர், 17 பேர் ஆனார்கள். மீதி 44 பேரும் 715-க்கு இறங்கினார்கள்.