தாயைத் தொடரும் எண்

தலைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்லுதல் நம் நாட்டிற் பன்னெடுங் காலமாக வரும் வழக்கம். விழுப்புரத்தை அடுத்த ஊரொன்றில் வாழ்க்கைப்பட்டவள், வளைகாப்பு முடிந்ததும் திண்டிவனத்தை அடுத்த பிறந்தகம் போகின்றாள். இரண்டு ஊர்க்கும் இடைவழி ஏறத்தாழ 40 கிலோமீட்டரே. ஆயினும் சுகாதாரப் பதிவேட்டைப் பொறுத்தவரை, முன்னாளில் அவள் வேற்று நாட்டிற்கே சென்றாள் எனலாம். புகுந்த ஊர்ச் செவிலியரின் நோட்டுப் புத்தகத்தில் அவளுடைய எடை, இரத்த அளவு, போட்ட ஊசி யாவும் இருக்கும். பிறந்த ஊர்ச் செவிலியரோ அவற்றுள் ஒன்றும் அறியார்.

இக்குறையைப் போக்கவே 2008-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையினர் ‘பிக்மி’ என்னும் கணினிப் பதிவு முறையைக் கொணர்ந்தனர். கருவுற்றாள் ஒவ்வொருத்திக்கும் இன்று 12 இலக்க எண் ஒன்று உண்டு. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் வழங்கும் மகப்பேற்று உதவித் தொகைக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அவ்வெண் வேண்டும். மக்கள் விரும்பிப் பதிவு செய்தற்கு இதுவே பெருங்காரணம் என்பது எம் கருத்து.

நிற்க. ஒருத்திக்குப் பயன்படும் இவ்வெண் ஊர்க்கு எங்ஙனம் பயன்படும்? வைத்தியசாலைக்கு வந்தாரை மட்டுமே வைத்தியர் காண்பர். வாராதாரைப் பதிவேடே காட்டும். கருவுற்றாளின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையின் இரத்தச் சோகை. 7 கிராமுக்குக் குறையின் உயிர்க்கே ஏதம். ஒரு வட்டாரத்துப் பெண்கள் பலர்க்கும் அக்குறை உளதெனின், அது தனி ஒருத்தியின் நோயன்று. இரும்புச்சத்து மாத்திரை அவ்வூர்களுக்குச் சென்றதா, சென்றதை உண்டனரா என்று ஆராய வேண்டிய பொதுக் குறையாம். 1854-இல் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், வாந்திபேதியால் மாண்டோர் வீடுகளைக் குறித்து எண்ணியே நஞ்சான நீர்க்குழாயைக் கண்டார். அவர் எண்ணியது மாண்டோரை. இங்கு எண்ணப்படுவோர் இனிப் பிழைக்க வேண்டியோர்.

கணக்கில் வழுவும் நேரும். விழுப்புரம் ஜில்லாப் பெண்டிர் பலர் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிற் பேறு காண்கின்றனர். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே அது பதியப்படும். ஆதலின் பிறப்புப் பதிவை மட்டும் நோக்குவார்க்கு இந்த ஜில்லாவின் மகவுகள் புதுச்சேரியின் மகவுகளாகவே தோன்றும். செங்கற் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து செல்வாரின் நிலை இதனினும் கடினம். அவர்களைத் தொடர எண் உண்டு; அதனைக் கேட்டுப் பார்ப்பார் சூளைக்குச் செல்ல வேண்டுமே!

எம் தமக்கையார் தலைப்பேற்றுக்கு வந்திருந்தபோது, எங்கள் ஊர்ச் செவிலியர் எண்ணைத் தட்டிய அளவில் ஐந்து திங்களின் குறிப்பும் திரையில் தோன்றின. எம் அன்னையார் வியந்தனர். ஆயின் கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் பிழையாய் இருந்தமையால், தவணையை நினைவூட்டுஞ் செய்தி அதுகாறும் யாரோ ஒருவர்க்குப் போய்க்கொண்டிருந்தது! செவிலியர் அதனைத் திருத்தினார். பின் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதிலும் எழுதலானார்.

“கணினி இருக்க இஃது எதற்கு அம்மா?” என்று வினவினேம்.

“2024-இல் பெஞ்சல் புயல் அடித்ததே, தம்பி! மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. மின்சாரம் இல்லை. எவளுக்கு நாள் நெருங்கியது என்று நான் இதைப் பார்த்துத்தான் அறிந்தேன்” என்றார்.