ரேடியோ கட்டுப்பாட்டு டிரிஃப்ட் கார்

ரேடியோ கட்டுப்பாட்டு டிரிஃப்ட் கார் என்பது, வளைவுகளில் பின்சக்கரங்களை வழுக்கவிட்டு, வண்டி குறுக்கே திரும்பிய நிலையிலேயே முன்னேறுமாறு ஓட்டப்படும் சிறிய மின்சாரக் கார் ஆகும். பெரும்பாலானவை உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன. யார் முதலில் வருகிறார் என்பது இங்கே கணக்கில்லை. வண்டி திரும்பியிருக்கும் கோணம், வளைவின் உட்புள்ளியை எவ்வளவு நெருங்குகிறது, முன்வண்டியைப் பின்வண்டி எவ்வளவு ஒட்டித் தொடர்கிறது ஆகியவற்றையே நடுவர்கள் பார்க்கின்றனர்.

தோற்றம்

டிரிஃப்ட் ஓட்டம் ஜப்பானில் உருவானது. குனிமிட்சு தகஹாஷி 1970களில் பந்தயத் தடங்களில் இம்முறையில் வளைவுகளைக் கடந்தார். அவரைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி சுசியா, 'தோகே' எனப்படும் மலைக் கணவாய்ச் சாலைகளில் டொயோட்டா ஏ.இ.86 காரைக் கொண்டு இதைப் பழகினார். 1987இல் வெளியான 'பிளஸ்பி' காணொளி அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' படக்கதை இந்த மோகத்தை உலகெங்கும் கொண்டுசென்றது.

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையோ, மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையின் 14 வளைவுகளையோ கண்டவர்களுக்கு அந்த ஜப்பானியச் சாலைகளின் அமைப்பை விளக்க வேண்டியதில்லை. பொதுச்சாலையில் உண்மையான காரை இப்படி ஓட்டுவது உயிருக்கு உலை வைப்பது. இந்தியாவில் ஆபத்தாக ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படியும், சாலையில் பந்தயம் விடுவது 189ஆம் பிரிவின்படியும் குற்றமாகும். சிறிய கார்களில் அந்த ஆசைக்குத் தீங்கில்லாத ஒரு வழி உண்டு.

டமியா நிறுவனம் 1976இல் வெளியிட்ட போர்ஷே 934 முதல், ரேடியோ கார்கள் எல்லாமே தரையை இறுகப் பற்றுவதற்காகவே வடிவமைக்கப்பட்டன. 2000களின் தொடக்கத்தில் டிரிஃப்ட் ஆர்வலர்கள் அதைத் தலைகீழாக்கினர். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி. பைப்பை வளையமாக அறுத்து ரப்பர் டயரின் மேல் மாட்டினர். சிலர் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பைச் சுற்றினர். கடையில் விற்கும் கடின பிளாஸ்டிக் டிரிஃப்ட் டயர் இந்தக் கைவேலையின் வழிவந்ததே.

நான்கு சக்கரத்திலிருந்து இரண்டுக்கு

முதலில் வந்த வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் மோட்டாரின் விசை சமமாகச் சென்றது. முன்சக்கரங்களும் இழுத்ததால் வண்டி எளிதில் சுழன்றுவிடவில்லை. ஆனால் பார்ப்பதற்கு உண்மையான டிரிஃப்ட் போல இல்லை. முன்சக்கரங்கள் வளைவின் உட்பக்கம் நோக்கியே இருந்தன. உண்மையான காரிலோ ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் திருப்பப்பட்டிருக்கும். இக்குறையைப் போக்க, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகமாகச் சுழலும்படி பல்சக்கரங்களை மாற்றினர். பின்னர் முன்சக்கரங்களுக்குச் செல்லும் விசையை முற்றிலும் நீக்கிவிட்டனர். யோகோமோவின் ஒய்.டி.-2, எம்.எஸ்.டி.யின் ஆர்.எம்.எக்ஸ்., ரெவ் டி நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். போன்ற பின்சக்கர வண்டிகள் இந்த மாற்றத்திற்குப் பின் வந்தவை.

கைரோ

பின்சக்கர வண்டியைக் கையால் மட்டும் ஓட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். இதற்குக் காரணம் ஓட்டுநரின் திறமைக் குறைவு அல்ல. ஒரே ஈர்ப்பு விசையில், பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பொருளின் அசைவுகள் ஏறத்தாழ 3.16 மடங்கு வேகமாக நடக்கின்றன (10இன் வர்க்கமூலம்). கண்ணால் கண்டு கை அசைய 0.2 நொடி ஆகிறது என்றால், உண்மையான காரில் 0.6 நொடிக்கு மேல் தாமதிப்பதற்கு அது சமம். அதற்குள் வண்டி சுழன்றுவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. உண்மையான கார் வழுக்கும்போது ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தளரவிட்டால், முன்சக்கரங்கள் தாமாகவே வண்டி செல்லும் திசைக்குத் திரும்புகின்றன. ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சரிந்திருப்பதே இதற்குக் காரணம். ரேடியோ காரில் செர்வோ மோட்டார் சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொள்வதால் இது நடப்பதில்லை. கைரோ என்னும் சிறு கருவி வண்டி திரும்பும் வேகத்தை அளந்து, எதிர்த்திசைக்கான திருத்தத்தைச் செர்வோவுக்கு அனுப்புகிறது. பறிபோன இயல்பை அது திருப்பித் தருகிறது என்றே சொல்ல வேண்டும்.

'கைரோதான் ஓட்டுகிறது, மனிதன் அல்ல' என்ற குற்றச்சாட்டு தொடக்கம் முதலே உள்ளது. இது பாதி உண்மைகூட இல்லை. கைரோ வண்டியைச் சுழலாமல் காக்கும். எங்கே திரும்புவது, எவ்வளவு விசை கொடுப்பது, முன்வண்டியிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பன கையிலேயே உள்ளன. கைரோவின் அளவைக் கூட்டினால் முன்சக்கரங்கள் நடுங்கத் தொடங்கும். குறைத்தால் வண்டி சுழலும். இடைப்பட்ட அளவைத் தளத்துக்குத் தளம் தேட வேண்டியிருக்கும்.

புதிய பாகங்கள்

கைரோ வந்தபின் வண்டியின் மற்ற பாகங்களும் மாறின. சாதாரணக் காரின் முன்சக்கரம் 35 முதல் 40 பாகை வரை திரும்பும். டிரிஃப்ட் வண்டிக்கு 60 பாகைக்கு மேல் வேண்டும் என்பதால், முன்பக்கக் கைகளும் இணைப்புத் தண்டுகளும் உட்புறம் வெட்டி வளைக்கப்பட்டன. பின்சக்கரங்களுக்கு எடை சேர்க்க மோட்டார் பின்னோக்கியும் மேல்நோக்கியும் நகர்த்தப்பட்டது. 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரியில் குட்டை வடிவம் பரவலானது.

புதிதாக வருவோர் பெரும்பாலும் பளபளக்கும் அலுமினியப் பாகங்களில் பணத்தைக் கொட்டுகின்றனர். வண்டியின் போக்கில் அவற்றால் வரும் மாற்றம் சிறிது. வேகமான செர்வோவும் நல்ல கைரோவும்தான் முதலில் தேவை. அடுத்தது தளத்திற்கேற்ற டயர். மெழுகிய சிமென்ட், கம்பளம், தார் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் கடினம் கொண்ட டயர் உண்டு. பல தடங்களில் எல்லோரும் ஒரே வகை டயரையே மாட்ட வேண்டும் என்ற விதியும் உள்ளது. வேறுபட்ட டயர்களோடு இரு வண்டிகள் ஒட்டி ஓட முடியாது.

இந்தியாவில் பாகங்களின் விலைக்கு வரியும் ஒரு காரணம். பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்த்தப்பட்டது. ரேடியோ அலைவரிசையில் சிக்கல் குறைவு. இக்கார்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை, குறைந்த திறன் கருவிகளுக்கு 2005 முதல் உரிமம் தேவைப்படாதது.

மலையூர்களில்

டிரிஃப்ட் மலைச்சாலையில் பிறந்தாலும், அதன் சிறு வடிவத்திற்குச் சமதளமே வேண்டும். அருவங்காட்டை ஒட்டிய ஜெகதளா போன்ற நீலகிரிச் சரிவுகளில் இதுவே முதல் தடை. மிகச் சிறிய சாய்வும் வண்டியை ஒருபக்கமாக இழுத்துவிடும். சிமென்ட் பூசிய பூப்பந்துத் திடல் அல்லது மண்டபத் தரை ஓரளவு பொருந்தும். வேகம் குறைவு என்பதால் இடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வளைவுகளைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளலாம்.

இரண்டாவது தடை ஈரம். மூடுபனி படிந்த தரையில் முந்தைய நாள் சரியாக இருந்த அமைப்பு மறுநாள் பொருந்தாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர் வட்டாரத்தில் திறந்தவெளியில் ஓட்ட இயலாது. குளிரில் லித்தியம் பேட்டரியின் திறனும் குறையும். ஆகவே ஓட்டும் வரை அதை அறை வெப்பத்தில் வைத்திருப்பது நல்லது. மழை மாதங்களில் வண்டியை எடுத்து வைப்பதானால், பேட்டரியை முழுதாக ஏற்றியோ முழுதாகத் தீர்த்தோ வைக்கக் கூடாது. ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் நிறுத்தி, தீப்பற்றாத பெட்டியில் வைக்க வேண்டும்.