இலவச வழியும் பொது வழியும்

சென்ற மாதம் நமது சங்கத்தின் நிர்வாகக் குழு முன்பாக ஒரு கடிதம் வைக்கப்பட்டது. எழுதியது வெளியூர்க் கம்பெனி ஒன்று. அங்கத்தினர் ஒவ்வொருவருடைய கைப்பேசியிலும் தனது செயலியைக் கட்டணமின்றி நிறுவித் தருவதாகவும், அதன் வாயிலாக நூல் விலை, மணிலா விலை, மழை நிலவரம் ஆகியவற்றை நாள்தோறும் அறிவிப்பதாகவும், சேலைகளுக்கு ஆர்டர் சேர்த்துத் தருவதாகவும் அக்கடிதம் கூறுகிறது. அதற்கு ஈடாகக் கம்பெனி கேட்பது ஒன்றே: அங்கத்தினர் பெயர், கைப்பேசி எண், தறிகளின் எண்ணிக்கை, நில அளவு, கடன் நிலுவை ஆகியவை அடங்கிய பட்டியல்.

“இலவசமாக வருவதை ஏன் மறுக்க வேண்டும்?” என்று அங்கத்தினர் சிலர் நம்மைக் கேட்டனர். நியாயமான கேள்விதான். இக்கேள்வியை 2015-ஆம் ஆண்டில் நாடு முழுவதுமே கேட்டது. அப்போதும் அது உழவர் பெயரைச் சொல்லியே எழுப்பப்பட்டது. அந்த வரலாற்றை முதலில் கூறிவிட்டுக் கடிதத்துக்கு வருவோம்.

அமெரிக்காவின் பேஸ்புக் கம்பெனி 2013-இல் ‘இண்டர்நெட்.ஆர்க்’ என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. இணைய வசதி இல்லாத ஏழைகளுக்கு அதனைக் கொண்டு சேர்ப்பதே நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து அது இந்தியாவுக்கு வந்தது. முதலில் திறக்கப்பட்ட பகுதிகளுள் தமிழ்நாடும் ஒன்று. தமிழ் மொழியிலும் அது கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ‘ப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாற்றம் பெற்றது. அந்தக் கம்பெனியின் இணைப்பு வைத்திருப்பவர், குறிப்பிட்ட சில வலைத்தளங்களைப் பணம் செலுத்தாமல் பார்க்கலாம். பேஸ்புக் அவற்றுள் ஒன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. பட்டியலில் இல்லாத தளத்தைப் பார்க்க விரும்பினால் வழக்கம்போல் காசு கொடுக்க வேண்டும். எந்தத் தளம் பட்டியலில் சேரலாம் என்பதற்கான விதிகளை வகுத்ததும் பேஸ்புக்கே.

இதில் என்ன தவறு என்பதை விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். அங்கே லாரிக்கு லாரி என்று கட்டணம் வாங்குகிறார்கள். காருக்குக் காரென்று வாங்குகிறார்கள். லாரியில் இருப்பது யாருடைய மணிலா, எந்த மண்டிக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பெரிய மண்டிக்காரர் சாவடிக்காரருடன் பேசிவைத்து, “என் மண்டிக்கு வரும் வண்டிகளுக்குக் கட்டணமில்லை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போகும் வண்டிகள் முழுக் கட்டணம் செலுத்தட்டும்” என்று ஏற்பாடு செய்துகொண்டால் என்ன ஆகும்? முதல் ஆண்டில் உழவர்க்கு லாபம் போலவே தோன்றும். வண்டிகளெல்லாம் ஒரே மண்டிக்குத் திரும்பும். மற்ற மண்டிகள் மூடப்படும். அதன்பின் விலையை யார் சொல்வார் என்பதை நமது அங்கத்தினருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சாலை எல்லாச் சரக்கையும் ஒன்றாகவே நடத்த வேண்டும் என்னும் இந்தக் கொள்கைக்கே இணையச் சமநிலை என்று பெயர்.

நெசவாளருக்கு இன்னும் கிட்டத்து உதாரணம் உண்டு. நூலைக் கடனாகத் தந்து, முன்பணமும் தரும் முதலாளி தொடக்கத்தில் தர்மவானாகவே காட்சியளிக்கிறார். பாவு அவருடையது, ஊடை அவருடையது. ஆதலால் சேலையும் அவருக்கே போக வேண்டும், அவர் சொல்லும் கூலிக்கே போக வேண்டும். அந்தக் கட்டிலிருந்து தறியை விடுவிக்கத்தானே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. சிறுவந்தாட்டுப் பட்டுக்கும் சங்கத்தின் பெயரால் சந்தை கிடைத்தது.

பேஸ்புக் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒன்றுமே இல்லாதவனுக்குச் சிறிதளவு கிடைப்பது நல்லதல்லவா என்பது அவர்கள் வாதம். 2015 டிசம்பரில் ஆங்கில நாளிதழ் ஒன்றில் கம்பெனித் தலைவர் மார்க் சக்கர்பர்க் எழுதிய கட்டுரையில், மகாராட்டிரத்து உழவர் ஒருவர் இந்த வசதியால் வானிலையும் விளைபொருள் விலையும் அறிந்து பயனடைவதாகக் கூறி, இதனால் இணையத்துக்கு என்ன கேடு என்று வினவியிருந்தார். வாதம் உள்ளத்தைத் தொடத்தான் செய்கிறது. ஆனால் அந்த உழவருக்கு விலை தெரிவிக்கும் தளம் எது என்பதைத் தேர்ந்தெடுப்பது அவரா, கம்பெனியா என்பதற்கு அக்கட்டுரையில் விடையில்லை. விலை தெரிவிப்பவரே வாங்குபவராகவும் இருந்தால் என்ன நேரும் என்பதைக் கமிஷன் மண்டிகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிய காலத்திலேயே நமது முன்னோர் பார்த்துவிட்டனர். 1933-இல் சென்னை மாகாண வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்ததே அந்தத் துண்டை விலக்குவதற்காகத்தான்.

அடுத்து நடந்ததே அரசியல். எதிர்ப்பு 2015 வசந்தத்திலேயே தொடங்கிவிட்டது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மார்ச்சு மாதம் ஓர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டு, இருபது கேள்விகளுக்குப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. ஏப்ரல் இறுதிக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சமநிலையை ஆதரித்துக் குவிந்தன. (அவற்றை வெளியிடும்போது அனுப்பியோரின் முகவரிகளையும் சேர்த்தே ஆணையம் வெளியிட்டுவிட்டது, கருத்தைக் கேட்டவர் முகவரியையும் சந்தையில் விரித்த கதை!) ஏர்டெல் கம்பெனி அறிவித்த இதையொத்த திட்டத்திலிருந்து பிளிப்கார்ட் அம்மாதத்திலேயே விலகிக்கொண்டது.

டிசம்பரில் ஆணையம் இரண்டாவது அறிக்கையை வெளியிட்டது. தளத்துக்குத் தளம் கட்டணம் வேறுபடலாமா என்பதே அதன் பொருள். அப்போது பேஸ்புக் ஒரு காரியம் செய்தது. தன் தளத்தைத் திறக்கும் இந்தியர்களிடம், ப்ரீ பேசிக்ஸைக் காப்பாற்றுங்கள் என்று கூறி, முன்னரே எழுதப்பட்ட கடிதம் ஒன்றைக் காட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் அது ஆணையத்துக்குச் செல்லுமாறு செய்தது. நாளிதழ்களில் பக்கம் பக்கமாக விளம்பரங்கள். கடிதங்கள் இலட்சக்கணக்கில் சென்றன. ஆயினும் ஆணையம் கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் விடை இல்லை. இது ஏற்பாடு செய்யப்பட்ட வாக்கெடுப்புப் போல் இருக்கிறது என்ற பொருள்பட ஆணையம் கடுமையாகவே பதில் எழுதிற்று. எதிர்ப்பாளரும் எழுதிவைத்த மாதிரிக் கடிதங்களைத்தான் பயன்படுத்தினர் என்பதை மறைக்கலாகாது. ஆனால் அவர்களுடைய கடிதத்தில் இருபது கேள்விகளுக்கும் விடை இருந்தது. மேலும், கோடிக்கணக்கானோர் நாள்தோறும் கடந்து செல்லும் வாசலில் நின்று, வாசலுக்கு உரியவரே தமக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்குவது வேறு. வீதியில் நின்று வாங்குவது வேறு. நமது கருத்தில் அந்த வேறுபாடு பெரிது.

2016 பிப்ரவரி 8-ஆம் தேதி ஆணையம் தன் தீர்ப்பை வழங்கியது. உள்ளடக்கத்தைப் பொறுத்து இணையக் கட்டணத்தை வேறுபடுத்தலாகாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாயும், உச்ச அளவாக 50 இலட்சம் ரூபாயும் அபராதம். நெருக்கடிக்காலச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு. சில நாட்களில் ப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டு வெளியேறியது. 2018 ஜூலையில் மத்திய அரசு சமநிலைக் கொள்கையை ஏற்றது. தளங்களை மறிப்பதும், சிலவற்றின் வேகத்தைக் குறைப்பதும் உரிம விதிகளின்படி குற்றமாயின.

ஏழைக்கு இணையம் கிடைக்காமற் போயிற்றா? இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. போட்டியால் கட்டணம் வீழ்ந்தது. ப்ரீ பேசிக்ஸ் தர மறுத்த முழு இணையமும் கிராமத்துக் கைப்பேசியில் வந்து சேர்ந்தது. இத்துடன் கதையை முடித்துவிட்டால் மனத்துக்கு இனிமையாயிருக்கும். ஆனால் அந்தப் போட்டியிலேயே சிறிய கம்பெனிகள் பலவும் மறைந்தன. முன்னர் ப்ரீ பேசிக்ஸைச் சுமந்துவந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் 2017 இறுதியில் கைப்பேசிச் சேவையை நிறுத்தியது. 2020 ஏப்ரலில் பேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்பார்ம்ஸில் ஏறத்தாழ பத்துச் சதவீதப் பங்கு வாங்கியது. ஜூலையில் கூகுள் கம்பெனி 33,737 கோடி கொடுத்து மற்றொரு பங்கு பெறுவதாக அறிவித்தது. முன்வாசலில் தடுக்கப்பட்டவர் பங்குதாரராகத் திண்ணையில் வந்து அமர்ந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். சாலையைக் காத்த சட்டம் சந்தையைக் காக்கவில்லை. 2021-இல் வாட்ஸப் செயலி புதிய நிபந்தனைகளை விதித்து, ஏற்றுக்கொள் அல்லது விலகு என்ற முறையில் நடந்தபோது, அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் அதன் தாய்க் கம்பெனிக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதிக்க 2024 நவம்பர் ஆயிற்று. கம்பெனி மேல்முறையீடும் செய்தது. அதற்குள் நமது சங்கத்துச் சுற்றறிக்கைகள்கூட அச்செயலி வழியாகவே போகும் பழக்கம் வந்துவிட்டது. குற்றம் சாட்டும் நாமும் அதற்கு விலக்கல்ல.

இந்நிலையில் வேறு வழி உண்டா என்று கேட்போருக்குத் திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தை நினைவூட்டுகிறோம். 1940-இல் அங்கே குடியாத்தம் கொத்து வகையிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட டி.எம்.வி. 2 மணிலா, திண்டிவனத்தின் பெயரைத் தாங்கித் தென்னாடெங்கும் பரவிற்று. அந்த விதையை வாங்கியவர் விதைத்தார். அடுத்த பருவத்துக்கு எடுத்துவைத்தார். அண்டை வீட்டாருக்கு மரக்கால் கணக்கில் கொடுத்தார். யாரும் வந்து தடுக்கவில்லை. 2001-ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவும், விதையைச் சேமிக்கவும் பகிரவும் வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவருக்கு உள்ள உரிமையைக் காக்கிறது. அப்படியிருந்தும் 2019-இல் பெப்சிகோ கம்பெனி ஓர் உருளைக்கிழங்கு இரகத்துக்காகக் குஜராத் உழவர்கள்மீது வழக்குத் தொடுத்ததும், நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் மே மாதத்தில் வழக்கை விலக்கிக்கொண்டதும் நினைவிருக்கலாம்.

மென்பொருளிலும் இவ்விரு வகை உண்டு. பூட்டிய மென்பொருளை உபயோகிக்கலாம். உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்கவோ, திருத்தவோ, பிறருக்குக் கொடுக்கவோ இயலாது. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் தொடங்கிய குனு இயக்கம் இந்த நான்கு உரிமைகளையும் உபயோகிப்போருக்கே அளித்தது. 1991-இல் தோன்றிய லினக்ஸ் பின்னர் அதனுடன் சேர்ந்தது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் என்னும் லினக்ஸ் வகையும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்று நம் வீட்டுப் பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாம். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்க்கு இவற்றைக் கட்டணமின்றிக் கற்பித்து வருகிறது. கற்றுக்கொண்ட பிள்ளை இன்னொருவருக்குக் கற்பிக்கலாம், மென்பொருளையும் கொடுக்கலாம் என்பதே இந்த இலவசத்துக்கும் கம்பெனி இலவசத்துக்கும் உள்ள வேறுபாடு. செய்திச் செயலியையே கூட்டுறவுச் சங்கமாக நடத்தலாம் என்று ‘பிரவ்’ என்னும் முயற்சியும் நடைபெறுகிறது. ஒரு தபால் நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் போவதுபோல், வேறு நிலையத்தைச் சேர்ந்தவருடனும் பேச அதில் இடமுண்டு.

இவை உடனே எல்லாம் செய்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பெரிய கம்பெனியின் செயலி பழக்கத்துக்கு எளிது; வாங்குவோர் கூட்டமும் அங்கேதான். இரண்டாண்டுகளுக்கு முன் நாமே ஓர் இணையக் கடையில் சேலைகளை வைத்தோம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் கணக்கு முடக்கப்பட்டது. காரணம் கேட்டு எழுதிய ஒன்பது கடிதங்களுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே பதில். பேசுவதற்கு ஒரு மனிதர் கிடைக்கவில்லை. பொங்கல் கழித்துக் கணக்கு தானாகவே திறந்துகொண்டது.

ஆதலின் நிர்வாகக் குழு அக்கம்பெனிக்குப் பதில் எழுதியிருக்கிறது. பட்டியலை யார் யாரிடம் பகிர்ந்துகொள்வீர்? கடன் நிலுவை எதற்கு? விலை அறிவிக்கும் நீங்களே கொள்முதலும் செய்வீரா? சங்கம் விலக விரும்பினால் விவரங்களை அழித்துத் தருவீரா, அதனைச் சரிபார்க்க வழி யாது? இவற்றைக் கேட்டிருக்கிறோம். 2023-ஆம் ஆண்டு மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வரும் என்று கூறப்பட்டுள்ளது. எந்த நோக்கத்துக்கு என்று சொல்லி ஒருவருடைய சம்மதத்தைப் பெறுவது அச்சட்டத்தின் அடிப்படை. எனவே அங்கத்தினருக்காகச் சங்கமே சம்மதித்துவிட முடியாது என்பதையும் பதிலில் குறித்துள்ளோம்.

இவ்விதழ் அச்சுக்குப் போகும் வரை கம்பெனியிடமிருந்து பதில் வரவில்லை. இரு கடிதங்களின் நகல்களும் சங்க அலுவலகத்தில் அங்கத்தினர் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. விஷயம் அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்யப்படும். அதுவரை பட்டியல் காரியதரிசியின் அலமாரியிலேயே இருக்கும்.