பெயின்ட் வாளி திறக்க முன் ஒரு நிறப்பலகை

கடையைத் திருத்த நினைத்தால் நம்மில் பலர் முதலில் செய்வது, ஹாட்வெயாருக்குப் போய் நிற அட்டையைப் புரட்டி, கண்ணுக்குப் பிடித்ததைத் தெரிவு செய்வதுதான். எனது புடவைக் கடைக்கு நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். அட்டையில் இளம் பச்சையாகத் தெரிந்தது, நான்கு சுவரிலும் ஏறியதும் கடும் பச்சையாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் துணியின் சரியான நிறத்தைப் பார்க்கத் தெருவுக்குக் கொண்டு போனார்கள். பெருநாள் வியாபாரத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் மறுபடி பெயின்ட் அடித்தேன். கூலியும் சாமானும் இரட்டைச் செலவு.

உள்ளலங்காரம் செய்வோர் இதைத் தவிர்க்க ‘மூட் போர்ட்’ என்ற நிறப்பலகையைத் தயாரிக்கிறார்கள். நாமும் செய்யலாம். இரண்டடிச் சதுர மட்டை ஒன்று போதும்.

முதலில், கடைக்குள் வருபவருக்கு எப்படித் தோன்ற வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்: மலிவா, தரமா, அமைதியா? அடுத்து, மாற்ற முடியாதவற்றை ஒட்டுங்கள்: தரை ஓடு, ராக்கைப் பலகைத் துண்டு, விற்கும் சரக்கின் மாதிரி. அதன் பின்பே பெயின்ட். சிறிய டின் வாங்கி, பெரிய தாளில் இரண்டு பூச்சுப் பூசி ஒட்டுங்கள்.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: பிரதான நிறம் 60 வீதம், துணை நிறம் 30, எடுப்பான நிறம் 10. புடவைக் கடையில் சரக்கே பல நிறம் என்பதால் சுவர் அடங்கியிருப்பது நல்லது.

இனி, பலகையைக் கடைக்குள் வைத்துக் காலையிலும் இரவிலும் பாருங்கள். 3000 கெல்வின் பல்ப் மஞ்சள் சாயல் தரும். 6500 பகல் வெள்ளை. துணி விற்பவர்கள் பல்ப் பெட்டியில் சீ.ஆர்.ஐ. 90க்கு மேல் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அது குறைந்தால் நிறம் பிழையாகத் தெரியும்.

பெயர்ப்பலகை, பை, பில் புத்தகம் மூன்றையும் இதே பலகையில் சேருங்கள். அச்சகத்தாரிடம் “நீலம்” என்று மட்டும் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நீலம் வரும். நிற இலக்கத்தைக் கொடுங்கள். நியூயோர்க்கில் 1837இல் தொடங்கிய டிபனி நகை நிறுவனத்தின் நீலத்துக்கு பென்டோன் நிறுவனம் கொடுத்த இலக்கமும் 1837தான். பெட்டியைக் கண்டாலே பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

பலகையின் பின்புறம் பெயின்ட் இலக்கம், அச்சு இலக்கம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இரண்டாவது கிளை திறக்கும்போது அது கைகொடுக்கும்.