தெருவில் பிறந்த கதைகள்

நெடுந்தொடரைக் கண்ணீர் வணிகம் என எள்ளுகிறோம். அது நெடுநாள் வாழ்வது ஏன்?

1960-இல், 24 வயது டோனி வாரன் படைத்த ஆங்கிலத் தொடர் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' இன்றும் ஓடுகிறது. முதல் நாளிலேயே கென் பார்லோ என்னும் மாணவன் தன் எளிய வீட்டை எண்ணி நாணுகிறான். சன் தொலைக்காட்சியின் 'மெட்டி ஒலி'யில் (2002–2005) இயக்குநர் திருமுருகன் காட்டியதும் எளிய வீடே: ஐந்து பெண்களின் தந்தை சிதம்பரம். கோபியாக இயக்குநரே நடித்தார். வீட்டுக் கவலைக்கு முடிவுண்டோ? கதையும் நீள்கிறது.

2020 மறு ஒளிபரப்பின்போது, மட்டாஞ்சேரிக் கிடங்கில் மூட்டை சுமக்கும் என் தந்தை, சிதம்பரத்தைக் கண்டு விம்மினார். அக்காளின் திருமணக் கடன் அன்று தீரவில்லை. அவர் தொழிலைத் தோழர்களிடம் மறைத்த கென் பார்லோ நானே.

இனி எள்ளேன், மறைக்கவும் மாட்டேன்.