'ஓம்' சொன்னால் மனசு ஏன் அமைதியாகிறது? மூச்சில்தான் இருக்கு கணக்கு

ஹைதராபாத்தின் ஹப்சிகுடா பக்கம் தங்கி வேலைக்குப் போகிறீர்களா? மேலே மெட்ரோ, கீழே உப்பல் சாலையின் ஹாரன். "தினமும் பத்து நிமிஷம் அமைதியா உட்காரு" என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். ஆனால், அந்த அறிவுரையில் எவ்வளவு உண்மை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பார்ப்போம்.

மந்திரம் என்ன செய்கிறது?

2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியானது. லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் யோக மந்திரமும் சொல்லவைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு சுமார் 6 முறையாகக் குறைந்தது. அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரே தாளத்துக்கு வந்தன. மதம் வேறு, மொழி வேறு; மூச்சுக் கணக்கு மட்டும் ஒன்று.

அப்போ இசை?

அதே பெர்னார்டி 2006-ல் 24 பேருக்கு வெவ்வேறு வகை இசையைப் போட்டுக் காட்டினார். வேகமான இசையில் துடிப்பு கூடியது. ஆனால், நடுவே விட்ட 2 நிமிட மௌனத்தில் துடிப்பும் ரத்த அழுத்தமும் இசை தொடங்கும் முன் இருந்ததைவிடக் கீழே இறங்கின. அதனால் ஹெட்போனை அவ்வப்போது கழற்றுங்கள்.

எப்படிச் செய்வது?

4 விநாடி மூச்சை இழுங்கள். 6 விநாடி மெல்ல 'ம்ம்ம்' என்றபடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு ஆகிவிட்டது. 5 நிமிடம் இப்படி, பிறகு 2 நிமிடம் சும்மா இருங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். ஆப், கட்டண வகுப்பு எதுவும் வேண்டாம்.

எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. 47 பரிசோதனைகளைத் தொகுத்து 2014-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் வெளியிட்ட ஆய்வில், தியானம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைப்பது தெரிந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்; அரசின் டெலி மானஸ் 14416-ல் தமிழிலும் பேசலாம்.

வெளியே இருக்கும் சத்தம்?

அதை மூச்சுப் பயிற்சி குறைக்காது. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல்; இரவு 10 முதல் காலை 6 வரை 45. பக்கத்திலுள்ள தார்நாகாவில் இதை அளக்கும் கண்காணிப்பு நிலையமே இருக்கிறது. டெசிபலில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. வரம்பை 10 டெசிபல் தாண்டினால் புகார் செய்ய அந்த விதிகளே இடம் தருகின்றன. இரவில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி அலறினாலும் புகார் செய்யலாம்.

மனசை அமைதியாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. தெருவை அமைதியாக்குவது அரசின் கடமை. முதலாவதைச் செய்கிறோம் என்பதற்காக இரண்டாவதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.